மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் காபரேற்றர் கழுவிய கைகளும்

அஜக்ஸ் நகரில் வாழும் நண்பர் ஒருவர் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி வந்து தமது வீட்டுக் கராச்சில் நிறுத்தியிருக்கிறார். ஒன்ராறியோ நாட்டுப்புறத்தில் யாரோ ஒரு முதியவரின் களஞ்சியத்தில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து நின்ற கார் அது. இந்தப் பனி நாட்டில் இதனை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவருடைய துணைவியார் கேட்டபோது அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. அவருடைய தகப்பனாரிடம் ஊரில் இத்தகைய கார் ஒன்று இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு மறுமொழி தேவையும் இல்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தக் காரின் காபரேற்றரைக் கழற்றிக் கழுவும் வேலைக்கு என்னையும் அழைத்தார். நான் பொறிமுறை பயின்றவன் அல்லன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, ஊர்ப் பாடசாலையில் சில ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். ஆயினும் 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் வாழ்ந்த எவரும் காபரேற்றரைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருந்திருக்க முடியாது.

நாங்கள் கழுவிக்கொண்டிருந்தபோது நண்பரின் மகன் ஒரு கேள்வி கேட்டார். இங்கு பிறந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பவர். “மாமா, ஊரில எல்லாக் காரும் மண்ணெண்ணெயில ஓடினது எண்டு அப்பா பெருமையாச் சொல்லுவார். பெற்றோல் எஞ்சின் எப்பிடி மாமா மண்ணெண்ணெயில ஓடும்?” என்றார். அன்று நான் அரைகுறையாகச் சொன்ன விடையை ஒழுங்குபடுத்திச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

காபரேற்றர் வந்த வழி

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் எரிந்து பயன் தராது. அது நுண்துளிகளாகச் சிதறி, ஆவியாகி, தன் நிறையைப் போல ஏறத்தாழ 15 மடங்கு காற்றுடன் கலக்க வேண்டும். அந்தக் கலவையைச் செய்து கொடுக்கும் கருவியே காபரேற்றர். குழாயின் நடுப்பகுதி ஒடுங்கினால் அவ்விடத்தில் ஓட்டம் விரைவுபட்டு அமுக்கம் குறையும் என்பதை இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அந்த ஒடுக்கத்தில் ஒரு சிறு துளையை வைத்தால் காற்று தானாகவே பெற்றோலை உறிஞ்சிக்கொள்ளும். இதுதான் அடிப்படை.

1886இல் காள் பென்ஸ் ஓட்டிய காரில், பெற்றோலின் மேற்பரப்பின்மேல் காற்றைச் செலுத்தி ஆவியைக் கவர்ந்துகொள்ளும் எளிய முறையே இருந்தது. நுண்துளையினூடாக எரிபொருளைத் தெளிக்கும் முறை 1893இல் வந்தது. ஜேர்மனியில் வில்கெல்ம் மைபாக், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்னும் இருவர் ஆகியோர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனை அமைத்தனர்.

எமது ஊர்களில் ‘எஸ்.யு.’ என்று அறியப்பட்ட காபரேற்றருக்குச் சுவையான வரலாறு ஒன்று உண்டு. ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கமே எஸ்.யு. ஸ்கின்னர் குடும்பத்தினர் இங்கிலாந்தில் சப்பாத்து வணிகர்கள். அக்குடும்பத்துச் சகோதரர்கள் 1905ஆம் ஆண்டளவில் அமைத்த முதற் காபரேற்றரில், காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும் பகுதி தோலினாற் செய்த துருத்தியாக இருந்தது. தோல் வேலை தெரிந்தவர்களின் கைக்குத் தோலே முதலில் வந்தது. பின்னர் அத்துருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்ரன் பிடித்தது. 1926இல் வில்லியம் மொறிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் எஸ்.யு. காபரேற்றர் பொருத்தப்பட்டது. அதே காலத்து ஒஸ்ரின் ஏ40 கார்களில் இருந்தது செனித் காபரேற்றர். இவ்விரு வகைக் கார்களும் இலங்கைக்குப் பெருமளவில் வந்து, வடபகுதி வீதிகளிலும் ஓடின.

பழைய கார்கள் மீண்ட காலம்

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரைப் பேணுவதே வழி. இரண்டு தலைமுறை மெக்கானிக்குகள் ஒரே வகைக் கார்களைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டிக் கைதேர்ந்தனர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்தன. ஏ40களும் மைனர்களும் வளவு மூலைகளுக்கு ஒதுங்கின.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குச் செல்லும் பொருள்கள்மீது அரசு தடை விதித்தது. பெற்றோலும் டீசலும் பற்றரிகளும் தடைப்பட்டியலில் இருந்தன. குடாநாட்டின் மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. களவாக வந்த பெற்றோல், போத்தல் கணக்கிலும் சிறு போத்தல் கணக்கிலும் யானை விலைக்கு விற்கப்பட்டது.

அப்போதுதான் ஒதுக்கப்பட்டிருந்த பழைய கார்கள் வீதிக்கு வந்தன. இதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. 1947இல் வெளிவந்த ஏ40 டெவன் காரின் 1,200 சி.சி. எஞ்சினில் அது 7.2க்கு 1. இன்றைய எஞ்சின்களில் 10க்கு 1 அல்லது அதற்கு மேல். மண்ணெண்ணெய்க் கலவை உயர்ந்த அமுக்கத்தைத் தாங்காது. காலம் தப்பி எரிந்து எஞ்சினைத் தட்டும். இரண்டாவது, அக்கார்களை முன்புறத்தில் கைபிடியைச் செருகிச் சுற்றியே இயக்கலாம். சோர்ந்த பற்றரியே போதும். மூன்றாவது, அவற்றின் காபரேற்றரை ஒரு திருப்புளியும் இரண்டு ஸ்பானரும் கொண்டு வீதியோரத்தில் வைத்தே கழற்றிவிடலாம்.

இங்கு ஒரு முரண்பாட்டையும் குறிப்பிட வேண்டும். வட அமெரிக்காவின் புதுக் கார்களிலிருந்து காபரேற்றர் முற்றாக மறைந்ததும் அதே 1990களின் தொடக்கத்தில்தான். மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் கருவி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உலகம் காபரேற்றருக்கு விடைகொடுத்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் நோயாளியின் உயிர் அதன் துளையில் தங்கியிருந்தது.

மண்ணெண்ணெய் எரிந்த விதம்

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே முதலில் சிறிது பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றுவர். காரின் முன்பகுதியில் கட்டிய சிறு போத்தலிலிருந்து மெல்லிய குழாய் வழியாக அந்தப் பெற்றோல் வரும். அதுவும் கிடையாத நாளில் காபரேற்றரின் வாயில் சில துளிகளை ஊற்றிவிட்டுக் கைபிடியைச் சுற்றுவர். எஞ்சின் நன்கு சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். ஓட்டம் முடியுமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிட்டால் அடுத்த முறை இயக்குவது இலகு.

இது திடீரென்று தோன்றிய புதுமை அன்று. எமது கமக்காரர்களின் நீர் இறைக்கும் இயந்திரங்கள் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது பழகிய காரியம். இங்கிலாந்திலும் 1949 முதல் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தமிழ்நாட்டில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோட்டத்து அறிவை எம்மவர் காருக்குக் கொண்டுவந்தனர் என்பதே சரியான வரலாறு.

ஆனால் இந்த வரலாற்றை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் கரும்புகையாக வெளிவந்தது. நடந்தும் சைக்கிளிலும் சென்றவர்கள் அதனைச் சுவாசித்தனர். பிளக்குகளில் கரி படிந்தது. எஞ்சின் எண்ணெயுடன் மண்ணெண்ணெய் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தமையால் எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, காருக்குள் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஏதோ ஒரு வீட்டு விளக்கின் எண்ணெய். என் மாணவர்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள். ஒரு போத்தலில் எத்தனை இரவுகள் படிக்கலாம் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே, ‘எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின’ என்னும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கழுவுதலே வித்தை

நண்பரின் மகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இதுதான். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுவது அதிசயமன்று, நாள்தோறும் ஓடியதே அதிசயம். அதனை ஓட வைத்தது காபரேற்றரைக் கழுவிய கைகள்.

பல கைகள் மாறி, துருவேறிய பரல்களில் நின்று வந்த மண்ணெண்ணெயில் தண்ணீரும் துருவும் மணலும் கலந்திருந்தன. அவை மிதவைக் கிண்ணத்தின் அடியில் தங்கும். சிறு துணுக்கு ஒன்று ஜெற்றின் துளைக்குள் போனாற் போதும், கார் நடுவழியில் நின்றுவிடும். எனவே எங்கள் ஊரில் ஏ40 வைத்து வாடகைக்கு ஓடியவர், மெக்கானிக் அண்ணை ஒருவர் காபரேற்றரைக் கழற்றிக் கழுவிக் கொடுக்காமல் தூரப் பயணம் போகமாட்டார்.

1993இல் ஓர் இரவு என் தாயாருக்கு இழுப்பு முற்றிவிட்டது. அந்த ஏ40இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அண்ணையும் முன் ஆசனத்தில் வந்தார். மானிப்பாய் வீதியில் கார் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. ரோச்சுக்குப் பற்றரி இல்லாத காலம். பக்கத்து வீட்டில் அரிக்கன் லாம்பு ஒன்றை வாங்கி, என்னை எட்டத்தில் நின்று பிடிக்கச் சொன்னார். அந்த வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கையும் முறித்து எடுத்தார். பதற்றத்தில் நான், காரில் கிடந்த மெல்லிய கம்பித்துண்டை எடுத்து நீட்டினேன். “கம்பி வேண்டாம் மாஸ்ரர். பித்தளை மெது. ஓட்டை பெருத்தால் பிறகு எவ்வளவு விட்டாலும் காணாது” என்றார். ஜெற்றைக் கழற்றி, ஈர்க்கினால் மெல்லத் துளைத்து, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காருக்குள் தாயாரின் மூச்சு இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. இரண்டாம் முறையும் ஊதிப் பார்த்த பின்னரே பூட்டினார். கார் புறப்பட்டது. தாயார் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

அஜக்ஸ் கராச்சில் நண்பரின் மகன் மெல்லிய கம்பியொன்றை எடுத்தபோது என் வாயில் அதே சொற்கள் வந்தன.

இத்தகைய வேலையில் இறங்க விரும்பும் வாசகர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு இருந்தது என்பதைப் படம் பிடித்தோ எழுதியோ வைக்க வேண்டும். மிதவைக் கிண்ணத்தைத் திறந்து, கழுவுவதற்கு முன் அடியில் உள்ள படிவைப் பார்க்க வேண்டும். துரு இருப்பின் தாங்கியிலும், தண்ணீர் இருப்பின் சேமித்த இடத்திலும் பிழை உண்டு. இறப்பர், தக்கை வாசர்களை அகற்றிய பின்னரே மருந்தில் ஊறவிட வேண்டும். எஸ்.யு. காபரேற்றரின் மேற்கிண்ணமும் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று இணையாகச் செய்யப்பட்டவை. வேறொன்றுடன் மாற்றக்கூடாது, உப்புத்தாளும் போடக்கூடாது. மென்துணியால் துடைத்தாற் போதும். பிஸ்ரனின் கீழுள்ள ஊசி வளைந்துவிடாமல் காக்க வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே திரவம் கேட்டால் அது ஓட்டை என்று கொள்க. துளைகளுக்குக் காற்றே சிறந்தது. கதவைத் திறந்து வைத்து, கண்ணுக்குக் காப்பு அணிந்து, நெருப்பு எதுவும் அருகில் இல்லாமற் செய்க. அன்று அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் செய்தது வேறு வழியற்ற நிலையில். அது பின்பற்றத் தக்கதன்று.

நண்பரின் காபரேற்றரில் பழைய பெற்றோல் காய்ந்து, கபில நிறப் பிசினாக ஒட்டியிருந்தது. அதைக் கரைக்க ஒரு பகல் சென்றது. இங்குள்ள பெற்றோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒன்ராறியோவில் பெற்றோலில் சராசரி 5 வீத எதனோல் கலக்கப்பட வேண்டும் என்று 2007இலும், 10 வீதம் கலக்கப்பட வேண்டும் என்று 2020இலும் விதிக்கப்பட்டது. எதனோல் ஈரத்தை இழுக்கும், பழைய இறப்பர்ப் பகுதிகளையும் கெடுக்கும். ஆதலால் புதிய வாசர்கள் பொருத்தியே திரும்பப் பூட்ட வேண்டும்.

அஜக்ஸ் வீதிகளின் பெயர்கள்

வேலை முடிந்து ஹார்வுட் அவெனியூ வழியாக வீடு திரும்பும்போது இன்னொரு நினைவு வந்தது. இந்த நகரமே போரினாற் பிறந்தது. 1939 டிசெம்பர் 13ஆம் திகதி, தென்னமெரிக்காவின் பிளேற் நதிமுகத்துக்கு அப்பால் அஜக்ஸ், அக்கிலிஸ், எக்ஸெற்றர் ஆகிய மூன்று கப்பல்கள், கிராப் ஸ்பே என்ற ஜேர்மனியப் போர்க்கப்பலை எதிர்த்துப் போரிட்டன. அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் ஹார்வுட். 1941இல் இங்குள்ள வயல் நிலங்களில் எறிகணைகளில் வெடிமருந்து நிரப்பும் பெருந் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. கனடாவின் பல பாகங்களிலிருந்தும் பெண்கள் வந்து அங்கு வேலை செய்தனர். போர் முடியுமுன் 4 கோடி வரையிலான எறிகணைகள் அங்கு நிரப்பப்பட்டன. அங்கு வளர்ந்த குடியிருப்புக்கு அந்தக் கப்பலின் பெயர் சூட்டப்பட்டது.

போர் முடிந்ததும் 1946 முதல் 1949 வரை ரொறன்ரோப் பல்கலைக்கழகம் அந்தக் கட்டடங்களில் பொறியியல் வகுப்புகளை நடத்தியது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அங்கு படித்தனர். ஒரு காலத்தில் எறிகணைக்காக எழுந்த கட்டடங்களில் எஞ்சின் பற்றிய பாடங்கள் நடந்தன. அந்தக் கப்பலின் மாலுமிகளது பெயர்களை இந்நகர வீதிகளிற் பலவற்றில் இன்றும் காணலாம். எம்மவர் பலர் அவ்வீதிகளில் வீடு வாங்கி வாழ்கின்றனர்.

ஒரு நகரம் தன் மாலுமிகளின் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறது. எமது வரலாற்றில் சண்டைகளின் திகதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒப்பந்தங்களும் இடப்பெயர்வுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்து ஆண்டுகள் நோயாளரையும் பிரசவத்துக்குச் செல்லும் தாய்மாரையும் சுமந்த கார்களை ஓட வைத்த மெக்கானிக்குகளைப் பற்றிய பதிவுகளோ மிகக் குறைவு. தென்னிலங்கையில் 1990களில் மொறிஸ் மைனரின் உடற்தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலொன்று தொடங்கியது. அது ஆங்கிலச் சஞ்சிகைகளிற் பேசப்பட்டது. அதே தீவின் வடமுனையில் அதே காரைக் கொண்டு நடந்தது பேச்சளவில் மட்டும் நிற்கிறது.

அண்ணையை நான் கடைசியாகக் கண்டது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த மழை இரவில், அடி அடியாக ஊர்ந்த அந்த ஏ40இன் பக்கத்தில் ஆயுதப் பையுடன் நடந்துகொண்டிருந்தார். ஆயுதம் என்றேன், அவருடைய ஆயுதம் ஸ்பானரும் திருப்புளியும். காருக்குள் நான்கு முதியவர்கள் இருந்தனர். அவர் 2004இல் காலமானதாகப் பின்னர் அறிந்தேன். அவர் எந்தக் காபரேற்றரில் என்ன மாற்றம் செய்தார், எந்தத் துளையை எவ்வளவு திறந்தார் என்பதை நான் ஒருநாளும் கேட்டு எழுதவில்லை. வரலாறு கற்பித்தவன் நான். என் வகுப்பில் அசோகனின் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினேன். பக்கத்துக் கராச்சில் நடந்த வரலாற்றைக் குறிப்பெடுக்கத் தோன்றவில்லை.

2022இல் இலங்கை முழுவதும் எரிபொருள் இன்றித் தவித்தபோது, பழைய கதைகள் யாழ்ப்பாணத்தில் மீண்டும் பேசப்பட்டன. ஆனால் இன்றைய கார்களில் காபரேற்றர் இல்லை. அந்த வித்தை அறிந்தவர்களும் அருகிவிட்டனர். அவர்களிற் சிலர் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் அஜக்ஸிலும் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் முதியவர்களாக நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் தம் அனுபவங்களை எழுத வேண்டும். எழுத இயலாதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். புகையையும் விளக்கெண்ணெய்க் கணக்கையும் விடாமற் சேர்த்தே எழுத வேண்டும். கேட்டு எழுதிக்கொடுக்க என்னைப் போன்ற ஓய்ந்த வாத்தியார்கள் பலர் இருக்கிறோம்.

நண்பரின் கார் இன்னும் ஓடவில்லை. கழுவிய பகுதிகள் கராச் மேசையில், பெயர் எழுதிய சிறு பைகளில் இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து வாசர்கள் வந்து சேர்ந்ததும் பூட்டுவதாக இருக்கிறோம். நண்பரின் மகன் ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு பகுதியின் பெயரையும் ஊரில் வழங்கிய சொல்லையும் அதில் எழுதத் தொடங்கியிருக்கிறார். ‘ஈர்க்கு’ என்பதற்கு எதிரே அவர் ஒரு தென்னோலையை வரைந்து வைத்திருக்கிறார்.